ஒரே தட்டில் தின்ற நாலு பூனைகள்

உங்கள் கேள்வியை முதலில் என் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். தப்பாகப் புரிந்துகொண்டு பதில் எழுதினால் இருவருக்கும் வீண். மன்னார்குடிப் பக்கம், அரிசி ஆலையை ஒட்டிய வீடு. எலிக்காக வந்து வீட்டோடு தங்கிவிட்ட ஒரு தாய்ப்பூனை. அதன் ஒரே ஈற்றில் பிறந்த மூன்று குட்டிகளுக்கு இப்போது ஒன்பது மாதம். அதில் ஊர் சுற்றும் கடுவன் மட்டும் மெலிந்து, ஈறு வெளுத்து, விட்டுவிட்டுக் காய்ச்சல் கண்டது. ரத்தம் எடுத்துச் சோதனைப் பட்டையில் விட்டதில் லுகேமியா வைரஸ் பாசிட்டிவ். மற்ற மூன்றுக்கும் நெகட்டிவ். "நாலும் ஒரே தட்டில்தான் தின்கின்றன, ஒன்றையொன்று நக்கிக்கொண்டேதான் தூங்குகின்றன. பூனைக்குப் பிறவியிலேயே இந்த வகை வைரஸை எதிர்க்கும் சக்தி உண்டு என்று படித்தேன். அது மூன்றிடம் இருந்து ஒன்றிடம் மட்டும் இல்லாமல் போனதா? அதைக் கூட்ட நிலவேம்பு மாதிரி ஏதாவது கொடுக்கலாமா? தாய் மறுபடி சினையாக இருக்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் உண்மையான கேள்வி ஒன்றுதான். ஒரே வைரஸ், ஒரே வீடு. ஒன்றைப் பிடித்தது, மற்றதை ஏன் விட்டது? நிலவேம்பும் சினையும் அதன் கிளைகள்.

நான் கும்பகோணத்தில் 26 வருடமாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். மேற்படிப்பு நுண்ணுயிரியல். பாதிப் பொழுது மாடும் ஆடும்தான். பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கிவருவது நம் பக்கத்தில் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்துப் பழக்கம். ஆகவே உயிரணுவுக்குள் நடப்பதாக நான் கீழே எழுதுவதெல்லாம் பிறர் ஆய்வகத்தில் கண்டது, நான் படித்தது. மேசைமேல் நடந்ததை மட்டும் என் கண்ணால் கண்டேன். இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன். உங்கள் பூனையை நான் தொட்டுப் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது. குட்டிகள் வாந்தியும் பேதியுமாக இரண்டு நாளில் சாகும் நோயை நம் ஊரில் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது பார்வோ வகை வைரஸ், வேறு சாதி. பூனைக்கு வரும் ரெட்ரோவைரஸில் நமக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று லுகேமியா வைரஸ். 1964இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் குழுவினர், ஒரே வீட்டில் வளர்ந்த பூனைகளுக்கு அடுத்தடுத்துப் புற்று வருவதைக் கவனித்து அதன் வழியே கண்டுபிடித்தது. இன்னொன்று, எய்ட்ஸ் வைரஸின் தூரத்து உறவான எஃப்ஐவி. 1986இல் கலிபோர்னியாவில் நீல்ஸ் பெடர்சனும் ஜேனட் யமமோட்டோவும் பிரித்தெடுத்தது. முதலாவது எச்சிலில் நிறைய வரும். தட்டு, நக்கல், தாய்ப்பால் இவைதான் முக்கிய வழி. இரண்டாவது பெரும்பாலும் கடுவன்கள் சண்டையில் ஆழமாகக் கடித்துக்கொள்வதால் பரவும். ஃபோமி வைரஸ் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அது பூனையோடு சண்டை போடாமல் குடியிருக்கிற வாடகைக்காரன் மாதிரி. ஆனால் அதனிடமிருந்தும் ஒரு பாடம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். மனிதருக்கு இவற்றால் நோய் வந்ததாக எந்தப் பதிவும் கிடையாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பயம் வேண்டாம்.

ரெட்ரோவைரஸுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது ஆர்.என்.ஏ.வாக உள்ளே வந்து, தன்னை டி.என்.ஏ.வாக எழுதிக்கொண்டு, உயிரணுவின் சொந்தக் குரோமோசோமுக்குள் தைத்துக்கொண்டுவிடும். தையல் விழுந்தபின் பிரிக்கிற கத்தரி உடம்பிடம் இல்லை. அந்த அணு சாகிறவரை, அது பெருகினால் அதன் வாரிசுகளிலும், வைரஸின் எழுத்து இருக்கும். நீங்கள் கேட்கிற பிறவி எதிர்ப்புக்கு இதனால்தான் இவ்வளவு மதிப்பு. ஆன்டிபாடி என்கிற எதிர்ப்பொருளும், பழகித் தேர்ந்த டி அணுக்களும் களத்துக்கு வர ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் தையல் விழுந்துவிடும். அதுவரை காவல் காப்பது, யாரும் சொல்லிக்கொடுக்காமல் பிறக்கும்போதே வந்த ஏற்பாடு மட்டும்தான். வயல் வரப்பில் நண்டு வளை விழுந்தால் என்ன செய்கிறோம்? விழுந்த அன்று ஒரு கை சேறு போதும். இரவு விட்டுவிட்டால் காலையில் வரப்பே இருக்காது. பிறவி எதிர்ப்பு அந்த ஒரு கை சேறு. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

லுகேமியா வைரஸ் வாய் வழியாகப் போனதும் முதலில் இறங்குமிடம் தொண்டையை ஒட்டிய டான்சில். அங்கே காவலுக்கு இருப்பவை மேக்ரோஃபேஜ் என்கிற விழுங்கணுக்கள். வைரஸை விழுங்கிச் செரித்தால் கதை அங்கேயே முடிந்தது. ரத்தத்துக்கே அது வராது. சோதனைப் பட்டையும் ஒன்றும் காட்டாது. அப்படித் தப்பிய பூனைகள் நிறைய உண்டு. செரிக்க முடியாமல் போனால் வேலியே பயிரை மேய்ந்த கதை: அதே விழுங்கணுவுக்குள் வைரஸ் பெருகி, அதன் முதுகிலேயே ஏறி எலும்பு மஜ்ஜைக்குப் போய்விடும். மஜ்ஜை விழுந்தால் ரத்தம் உற்பத்தியாகிற இடமே கைமாறிவிட்டது என்று பொருள். உங்கள் கடுவனின் வெளுத்த ஈறு பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறது.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு என்னால் அடித்துச் சொல்ல முடிந்த முதல் பதில் இருக்கிறது: வயது. பிறந்த குட்டிக்கு இந்த வைரஸைக் கொடுத்தால் அநேகமாக எல்லாமே வீழ்கின்றன. வளர்ந்த பூனைக்கு அதே அளவைக் கொடுத்தால் பெரும்பாலானவை தள்ளிவிடுகின்றன. இது 1970களிலேயே சோதித்துக் காட்டப்பட்டது. ஏன் என்று பின்னால் போய்ப் பார்த்ததில், குட்டியின் விழுங்கணுக்களில் வைரஸ் எளிதாக வளர்கிறது, முதிர்ந்த பூனையின் விழுங்கணுக்களில் அவ்வளவு எளிதாக வளர்வதில்லை என்று தெரிந்தது. எட்வர்ட் ஹூவரும் ஜெனிஃபர் ரோஜ்கோவும் செய்த வேலை அது. இன்னொன்றும் செய்தார்கள்: வளர்ந்த பூனைக்கு ஸ்டீராய்டு கொடுத்துவிட்டு வைரஸைக் கொடுத்தால், அந்த வயதுக் கவசம் கழன்றுவிடுகிறது. ஏற்கெனவே அடங்கிக் கிடந்த வைரஸும் ஸ்டீராய்டுக்குப் பின் தலைதூக்குகிறது.

இது எனக்குப் புத்தகத்தில் படித்த செய்தி மட்டுமல்ல. தொழிலுக்கு வந்த ஆரம்பத்தில், வாய்ப்புண்ணால் தின்ன முடியாமல் எச்சில் ஒழுகி வந்த ஒரு பூனைக்குச் சோதனை ஏதும் செய்யாமல் ஸ்டீராய்டு ஊசி போட்டேன். இரண்டே நாளில் மத்தி மீனைத் தலையோடு தின்றது. வீட்டுக்காரர் வாழைத்தாரோடு வந்து நன்றி சொன்னார். ஆறு வாரம் கழித்து அதே பூனை நாக்கு காகிதம்போல் வெளுத்துத் திரும்பி வந்தது. இந்த முறை பிழைக்கவில்லை. ஊசிதான் காரணம் என்று நான் நிரூபிக்க முடியாது, நோய் தன் போக்கிலேயே அங்கே போயிருக்கலாம். ஆனாலும் அதன்பின் பட்டை போட்டுப் பார்க்காமல் எந்தப் பூனையின் வாய்ப்புண்ணுக்கும் அந்தப் புட்டியைத் தொடுவதில்லை. உங்கள் மற்ற மூன்றில் எதற்காவது சொறிக்கோ புண்ணுக்கோ யாராவது ஸ்டீராய்டு எழுதினால், வீட்டில் ஒரு பாசிட்டிவ் இருக்கிறது என்பதை வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

இனி அணுவுக்குள். வைரஸ் உள்ளே வந்ததைக் கண்டுபிடிக்க அணுவிடம் மோப்பம் பிடிக்கும் புரதங்கள் இருக்கின்றன. வைரஸின் ஆர்.என்.ஏ.வையோ, இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும் டி.என்.ஏ.வையோ கண்டால் அவை சத்தம் போடும். அந்தச் சத்தம்தான் இன்டர்ஃபெரான். அது வைரஸை நேராகக் கொல்வதில்லை. தெருவில் ஒரு வீட்டில் திருடன் என்று கூவினால் மற்ற வீடுகள் தாழ்ப்பாள் போடுமே, அதுபோல. பூனையிடம் ஒமேகா என்கிற வகை இன்டர்ஃபெரான் உண்டு. அதையே மருந்தாகத் தயாரித்து ஐரோப்பாவில் லுகேமியா, எஃப்ஐவி கண்ட பூனைகளுக்கு அனுமதித்திருக்கிறார்கள். தயாரிக்கும் இடம்தான் வேடிக்கை: பட்டுப்புழுவின் உடம்பு. திருபுவனத்துப் பட்டுக்கு நூல் தருகிற அதே புழு, பூனையின் இன்டர்ஃபெரானைச் சுரக்கிறது. அந்த மருந்தால் நோய்க்குறி குறைந்ததையும், ஆயுள் கொஞ்சம் நீண்டதையும் காட்டிய சோதனை உண்டு. வைரஸை உடம்பை விட்டு விரட்டியதாக இல்லை. தைத்த தையலை அதுவும் பிரிக்காது. அதை வரவழைத்துத்தான் தீரவேண்டும் என்று கடன் வாங்கக் கிளம்பாதீர்கள்.

அந்தத் தாழ்ப்பாள்கள் என்னென்ன என்று பார்த்தால் பூனையின் கதை சுவாரஸ்யமாகிறது. முதல் தாழ்ப்பாள் ட்ரிம்5 என்ற புரதம். குரங்குகளில் இது அற்புதமாக வேலை செய்கிறது: உள்ளே நுழைந்த வைரஸின் கூட்டைப் பிடித்து, டி.என்.ஏ. எழுதி முடிப்பதற்குள் அதைக் குலைத்துவிடும். பூனையில் அந்த மரபணு இருக்கிறது, ஆனால் பாதியில் அறுந்துபோயிருக்கிறது. வைரஸைப் பிடிக்கிற கைப்பகுதியே இல்லை. கத்தி இருக்கிறது, பிடி இருக்கிறது, அலகு இல்லை என்பதுபோல. 2009இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. வீட்டுப் பூனை மட்டுமல்ல, புலியும் சிங்கமும் சேர்ந்த அந்தப் பெருங்கிளையே மிகப் பழங்காலத்தில் இதை இழந்துவிட்டது. எனவே உங்கள் நாலு பூனைகளில் எதற்குமே இந்தத் தாழ்ப்பாள் கிடையாது. ஒன்றிடம் இருந்து மற்றொன்றிடம் இல்லாமல் போனது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். 2011இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் எரிக் போஷ்லா குழு, ரீசஸ் குரங்கிடமிருந்து இந்த வகை மரபணு ஒன்றை எடுத்துப் பூனையின் முட்டையணுவுக்குள் ஏற்றியது. ஏறியதா இல்லையா என்று அறிய, ஜெல்லிமீனின் ஒளிரும் மரபணுவையும் கூடவே வைத்தார்கள். பிறந்த குட்டிகள் நீலவிளக்கின் கீழ் பச்சையாக மின்னின. செய்தித்தாள்களெல்லாம் அந்தப் பச்சையைத்தான் எழுதின. விஷயம் பச்சையில் இல்லை: அந்தப் பூனைகளின் ரத்த அணுக்களில் எஃப்ஐவி சரியாகப் பெருக முடியவில்லை. ஒரு தாழ்ப்பாளைத் திருப்பி மாட்டினால் கதவு நிற்கும் என்பதற்கு அது சாட்சி. ஏற்கெனவே பிறந்துவிட்ட பூனைக்கு அதைப் போட வழியில்லை என்பதும் சேர்ந்ததுதான்.

இரண்டாவது தாழ்ப்பாள் பூனையிடம் நன்றாகவே இருக்கிறது. அபோபெக்3 என்ற குடும்பம். வைரஸ் தன் டி.என்.ஏ.வை எழுதும்போது இந்தப் புரதம் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தை மாற்றிவிடும். சைட்டோசின் இருக்க வேண்டிய இடத்தில் யுராசில். அப்படி நூறு பிழை விழுந்த ஓலையை வைத்துக்கொண்டு வைரஸால் ஒன்றும் செய்ய முடியாது. பூனையில் இந்தக் குடும்பத்தில் பல உறுப்பினர்கள் இருக்கிறார்கள்; இரண்டு மரபணுக்கள் ஒட்டிப் படிக்கப்பட்டு ஒரே நீளப் புரதமாக வருவதும் உண்டு. இத்தனை வகை இருப்பதே இந்தச் சண்டை எவ்வளவு பழையது என்பதைக் காட்டுகிறது என்பது என் எண்ணம். ஆனால் எஃப்ஐவி அதற்கென்றே ஒரு சாவி செய்து வைத்திருக்கிறது. விஃப் என்ற அதன் புரதம், அபோபெக்கைப் பிடித்து, அணுவின் சொந்தக் குப்பைத்தொட்டியிலேயே போட்டு அழித்துவிடும். நான் முன்பு சொன்ன ஃபோமி வைரஸுக்கும் பெட் என்று வேறொரு புரதம். அது அபோபெக்கை அழிக்காமல் கட்டிப்போடுகிறது. சமாதானமாகக் குடியிருக்கிறது என்று நாம் நினைக்கும் வாடகைக்காரன்கூட வீட்டுக்காரனின் கையைக் கட்டிவிட்டுத்தான் குடியிருக்கிறான். லுகேமியா வைரஸிடம் விஃப் போன்ற தனிச் சாவி இல்லை. இருந்தும் அது பூனையில் செழிக்கிறது. அபோபெக் ஒன்றை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதற்கு இதுவே போதும்.

மூன்றாவது டெதரின். உருவாகி வெளியே கிளம்பும் வைரஸை அணுவின் தோலோடு கட்டிவைக்கும் கயிறு. கன்று ஓடாமல் முளையில் கட்டுவதுபோல. இன்டர்ஃபெரான் சத்தம் கேட்டால் பூனையின் அணுக்கள் இதைக் கூடுதலாகச் செய்கின்றன. ஆய்வகத்தில் இது எஃப்ஐவி வெளியேறுவதை நன்றாகவே தடுத்தது; ஆனால் தொற்று பரவுவது நிற்கவில்லை. கட்டிப்போட்ட வைரஸ் வெளியே குதிக்காமல், ஒட்டி நிற்கும் பக்கத்து அணுவுக்கு நேராகத் தாவிவிடும் என்பது ஒரு விளக்கம். வைரஸின் உறைப்புரதமே கயிற்றைச் சமாளிக்கிறது என்றும் காட்டியிருக்கிறார்கள். எது எவ்வளவு என்பது உயிருள்ள பூனையில் இன்னும் தீராத கணக்கு.

எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி அடுத்தது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாலு பூனைகளுக்குமே, நெகட்டிவ் வந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான், பிறப்பிலேயே குரோமோசோமுக்குள் லுகேமியா வைரஸின் பழைய துண்டுகள் இருக்கின்றன. பல லட்சம் வருடத்துக்கு முன் ஏதோ மூதாதைப் பூனையின் முட்டையணுவிலோ விந்தணுவிலோ வைரஸ் தைத்துக்கொண்டதன் மிச்சம். அது பரம்பரையாக வருகிறது. தானாக வைரஸாக எழுந்து வர முடியாத அளவுக்குச் சிதைந்தது. வீட்டுப் பூனைக்கும் அதன் நெருங்கிய காட்டு உறவுகளுக்கும் இது உண்டு, புலி சிங்கத்துக்கு இல்லை. பட்டை இதைக் காட்டாது என்பதால் அந்தப் பயமும் வேண்டாம்.

இந்தப் பழைய துண்டுகள் நண்பனா எதிரியா? இரண்டும்தான். வெளியிலிருந்து வரும் வைரஸ் இந்தத் துண்டோடு கலந்து பி என்கிற புது வகையாக மாறுகிறது. உயிரணுவின் வேறொரு வாசல் வழியாக நுழையும் திறன் அதற்கு வந்துவிடுகிறது. அது எதிரித்தனம். டி (T) என்கிற இன்னொரு வகை, பூனையின் பழைய துண்டிலிருந்து சுரக்கும் ஒரு புரதத்தின் கையைப் பிடித்துக்கொண்டால்தான் உள்ளேயே நுழைய முடியும். அதுவும் எதிரித்தனம்தான். ஆனால் வேறொரு பழைய வைரஸ் குடும்பத்தின் மிச்சத்திலிருந்து ரெஃப்ரெக்ஸ்-1 என்றொரு புரதம் பூனையின் அணுக்களிலிருந்து வெளியே சுரக்கிறது. அது வாசலில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொண்டு, சில வகை வைரஸ்கள் நுழையாமல் அடைத்துவிடுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டது. பழைய திருடனின் பேரன் இன்றைய காவல்காரன். இதைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் 'பிறவி எதிர்ப்பு' என்று கேட்டீர்களோ என்று நினைக்கிறேன். ஒரு எச்சரிக்கை: ரெஃப்ரெக்ஸ் தடுப்பது, மேலே சொன்ன டி (T) அல்லாமல், டி (D) என்ற தலைப்பெழுத்து கொண்ட ஓர் அரிய உள்வகையையும் அதன் உறவுகளையும்தான். ஊரில் பூனைக்குப் பூனை தொற்றுவது ஏ வகை. அதை இது தடுக்காது.

பழைய துண்டுகள் கூடுதலாக இருக்கும் பூனை நோயைத் தாங்குகிறதா? ஒரு வளர்ப்புக் கூட்டத்தில் நடந்த ஆய்வில், அந்தத் துண்டுகளின் ஓரப்பகுதிகள் அதிகம் இருந்த பூனைகள் தேவலையாக இருந்தன. அதற்கு எதிர்த்திசையில் காட்டும் ஆய்வும் இருக்கிறது. இரண்டிலும் பூனைகள் கொஞ்சம். ஆகவே இது சந்தேகப் பட்டியலில் இருக்கட்டும். உங்கள் கடுவனுக்கு மட்டும் மரபணுவில் குறை என்று யாராவது சொன்னால், அது ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கொல்லைக்கு வருவோம். தாய் தப்பியதற்கு வயது ஒன்றே போதுமான விளக்கம். உடன்பிறந்த மூன்றில் ஒன்று மட்டும் ஏன் என்பதற்கு, ஆய்வகமும் மேசையும் சேர்ந்து எனக்குச் சொல்வது இதுதான்: அளவும், நேரமும். ஒரே தட்டில் ஒரு நாள் தின்றால் வருவதும், தினமும் பல வாரம் தின்றால் வருவதும் ஒன்றல்ல. பிறவி எதிர்ப்பு ஒரு கை சேறு என்றேனே. ஒரே இரவில் பத்து வளை விழுந்தால் எந்தக் கையும் போதாது. குடல் புழு, சண்டைக் காயம், பட்டினி இவை எல்லாம் அந்தக் கையை இன்னும் மெலிதாக்கும். உங்கள் கடுவன் ஊர் சுற்றுகிறவன். ஆலைப் பக்கம், மீன்கடைப் பக்கம் என்று பல தட்டுகளில் வாய் வைத்திருப்பான். அவன் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவனிடமிருந்து மற்றவற்றுக்கு வந்தால், அது சமீபத்தில்தான் தொடங்கியிருக்கும்.

அதனால் மூன்றும் தப்பிவிட்டன என்று சொல்லும் காலம் இன்னும் வரவில்லை. பட்டை தேடுவது ரத்தத்தில் மிதக்கும் பி27 என்ற வைரஸ் புரதத்தை. தொற்றியது முதல் அது தெரிய ஒரு மாதம் வரை ஆகலாம். கடுவனைப் பிரித்த நாளிலிருந்து முப்பது நாளுக்குக் குறையாமல் விட்டு மறுபடி மூன்றையும் பாருங்கள். பிரிக்காமல் எத்தனை முறை சோதித்தாலும் காசுக்குக் கேடு. பாசிட்டிவ் வந்தவனையும் இரண்டாவது முறை, முடிந்தால் பிசிஆர் (வைரஸின் மரபணு எழுத்தையே தேடும் ஆய்வகச் சோதனை) வழியாக, உறுதி செய்யுங்கள். சில பூனைகள் சில வாரம் பாசிட்டிவ் காட்டிவிட்டு, வைரஸை ரத்தத்திலிருந்து ஒடுக்கி நெகட்டிவுக்குத் திரும்பும். தையல் மட்டும் மஜ்ஜையில் இருக்கும். அப்படி அடங்கியவை பல வருடம் நன்றாக இருக்கும். அவற்றின் ரத்தத்தை மட்டும் இன்னொரு பூனைக்கு ஏற்றக் கூடாது. ஆனால் உங்களுடையவன் ஏற்கெனவே வெளுத்து மெலிந்திருக்கிறான் என்பதால், அவன் அந்த நல்ல பக்கத்தில் இருப்பான் என்று நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடங்காமல் போனவற்றில் பெரும்பாலானவை சில வருடத்துக்குள் இறந்துவிடுகின்றன. இந்த வைரஸுக்காகவே அவனை ஊசி போட்டு முடித்துவிட வேண்டும் என்று யாரும் அவசரப்படுத்தினால் கேட்காதீர்கள். தின்கிறவரை, வலியில்லாமல் இருக்கிறவரை அவனுக்கு ஒரு தனி அறை போதும்.

நிலவேம்பு பற்றி. கொடுக்காதீர்கள். மூலிகை மேல் எனக்குப் பகை கிடையாது, மாட்டுக்கு மடிநோய் வந்தால் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசச் சொல்கிறவன்தான் நான். பூனையின் கல்லீரல் வேறு மாதிரி. மனிதனும் நாயும் பல மருந்துகளைக் கழித்துவிடப் பயன்படுத்துகிற ஒரு வழி பூனையில் மிகப் பலவீனம். பாராசிட்டமால் அரை மாத்திரையிலேயே பூனை செத்துப்போவது அதனால்தான். காய்ச்சலுக்கு என்று கொடுத்துவிட்டு வந்த இரண்டு வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கசப்புக் கஷாயம் பூனைக்குள் என்ன ஆகும் என்று அளந்து பார்த்தவர் இல்லாதபோது, ரத்தம் வற்றிய பூனையின் மேல் அதைச் சோதிக்க வேண்டாம். 'எதிர்ப்பைக் கூட்டும்' என்று புட்டியில் எழுதி விற்கும் டானிக்குகளுக்கும் இதே பதில். மேலே சொன்ன தாழ்ப்பாள்களில் எதையும் டானிக் இறுக்காது.

உங்கள் கையில் இருப்பது எதிர்ப்பைக் கூட்டுவதல்ல, வைரஸின் அளவைக் குறைப்பது. அது மலிவானதும்கூட. இந்த வைரஸ் கொழுப்பு உறை போர்த்தியது. வெளியே காய்ந்துபோனால் சில மணி நேரத்துக்குள் செத்துவிடும், சாதாரண சோப்புத்தண்ணீரே அதைக் கொல்லும். கடுவனுக்குத் தனித் தட்டு, தனித் தண்ணீர், தனி மணல். மற்றவற்றுக்குத் தீனி வைத்துவிட்டு அவனிடம் போங்கள். திரும்பும்போது கை கழுவுங்கள். புழு மருந்து நாலுக்கும். அவனுக்கு உடம்பு தேறினால் விதை எடுத்துவிடுங்கள். சுற்றலும் சண்டையும் குறையும், எஃப்ஐவியும் கூடவே வராமல் இருக்கும். நம் பக்கத்தில் வழக்கமாகப் போடும் மூன்று-சேர்க்கைத் தடுப்பூசி இந்த வைரஸுக்கானது அல்ல, அதைப் போட்டாயிற்று என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். லுகேமியாவுக்கென்று தனித் தடுப்பூசி உண்டு; கிடைத்தால் நெகட்டிவ் உறுதியான பூனைக்கு மட்டும்தான் பயன், பாசிட்டிவ் ஆனவனுக்கு அதனால் ஒன்றும் இல்லை. சோதனையும் அறுவையும் தனியாரிடம் கட்டுபடியாகவில்லை என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை விசாரியுங்கள், மன்னார்குடியிலிருந்து தொலைவில்லை.

கடைசியாகத் தாய். எனக்கு இதில் உண்மையான கவலை கடுவனைவிட இவளைப் பற்றித்தான். பட்டையில் நெகட்டிவ் என்பதால் இவளிடம் வைரஸே இல்லை என்று ஆகாது. அடக்கி வைத்திருக்கும் பூனையாகவும் இருக்கலாம். ரத்தத்தில் வைரஸ் தெரியாத ஒரு தாய், பால் வழியாகக் குட்டிகளுக்குக் கொடுத்ததை ஜாரெட்டின் குழுவே 1986இல் பதிவு செய்திருக்கிறது. அரிதுதான், ஆனால் குட்டிக்கு வயதுக் கவசம் இல்லாத பருவத்தில் அது நடக்கிறது. சினை இளசாக இருந்தால் இப்போதே கருப்பை எடுத்துவிடலாம். அது மருத்துவர் தொட்டுப் பார்த்தும், உங்கள் மனசு சொல்வதைக் கேட்டும் எடுக்க வேண்டிய முடிவு, நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஈனட்டும் என்று விட்டால், கடுவன் வாசம்கூட வராத அறையில் அவளை வையுங்கள், பத்தாயம் இருந்த அறை காலியாக இருந்தால் அதுவே நல்லது. அவளுக்கு ஒரு பிசிஆர் எடுத்துவிடுங்கள். குட்டிகளுக்குப் பட்டை போட மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. இது வைரஸின் புரதத்தைத்தான் பார்க்கிறது, தாய் கொடுத்த எதிர்ப்பொருளை அல்ல. ஆகவே எந்த வயதிலும் பார்க்கலாம். எஃப்ஐவி பட்டைதான் ஆறு மாதத்துக்கு முன் ஏமாற்றும். பால் மறந்ததும் ஒருமுறை, அதிலிருந்து ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. இரண்டிலும் ஒற்றைக் கோடு, அதாவது நெகட்டிவ், வந்தால் குட்டிகளைக் கேட்கிறவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள்.